பாலமும் ரயிலும்

1930களின் பெருமந்தம் என்றதும் நம்மில் பலருக்கும் ஒரே ஒரு முகம்தான் ஞாபகம் வரும். கன்னத்தில் கைவைத்து எங்கோ பார்க்கும் தாய், அவள் தோளில் முகம் புதைத்த இரண்டு குழந்தைகள். டொரோதியா லாங்கே 1936இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில் எடுத்த படம். மங்கலான ஜெராக்ஸ் பிரதி ஒன்றில்தான் நான் அதை முதலில் பார்த்தேன். வெள்ளைக்கார ஏழைத் தாய் என்றே நானும் வாசித்தேன். அவர் செரோக்கிப் பழங்குடி வழியில் வந்தவர் என்பது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. லாங்கே அவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த முகத்தை வெள்ளை முகமாக வாசிக்க நம்மைப் பழக்கியது எது? இந்தப் படங்களை எடுக்கவைத்தது அரசு. 1935இல் மறுகுடியமர்வு நிர்வாகம் தொடங்கி 1937இல் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகமாக மாறியது. ராய் ஸ்ட்ரைக்கர் அதன் புகைப்படப் பிரிவின் தலைவர். கிராமத்து வறுமைக்கு நிவாரணம் தேவை என்று நகரத்து வாசகர்களை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் வேலை. இரக்கத்துக்குரிய முகம் எது என்ற தேர்வு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அப்படியென்றால் எல்லையோர மெக்சிகர்கள் படங்களில் இல்லையா? இருக்கிறார்கள். 1937இல் லாங்கே எல் பாசோவுக்குப் போனார். ஹுவாரெஸிலிருந்து பாலம் கடந்து வருபவர்களின் மூட்டைகளைப் பயிர்நோய்த் தடுப்பு அதிகாரிகள் பிரித்துப் பார்ப்பதைப் படமெடுத்தார். அடுத்த ஆண்டு அங்குள்ள குடியேற்ற நிலையத்தையும் எடுத்தார். பார்க்கிறவனுக்கு இது உள்ளே வருபவர்களின் எல்லை. சோதனை போட்டு அனுமதிக்கும் எல்லை.

ஆனால் அதே பத்தாண்டில் கூட்டம் பெருமளவில் போனது எதிர்த்திசையில். 1931 பிப்ரவரி 26 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் லா பிளாசிடா பூங்காவை அதிகாரிகள் வளைத்தார்கள். அடுத்த மாதமே மெக்சிகோவுக்கு ரயில்கள் ஏற்பாடாயின. பத்தாண்டில் போனவர்கள் 4 லட்சத்திலிருந்து 10 லட்சத்துக்கும் மேல் என்று கணிப்புகள் வேறுபடுகின்றன. பாதிக்கு மேல் அமெரிக்காவில் பிறந்தவர்கள் என்பது பலரும் ஏற்கும் கணிப்பு. இதற்கு வைத்த பெயர் ‘தாயகம் திருப்புதல்’. அங்கேயே பிறந்த பிள்ளைக்கு எது தாயகம்? ரயில் நிலையத்தில் கையசைத்து நின்றவர்களை 1932இல் பத்திரிகைக்காரர்கள் படமெடுத்தார்கள். அரசின் ஆவணமோ 1935இல்தான் தொடங்குகிறது. பெரும்பாலான ரயில்கள் அதற்குள் போய்விட்டன.

ஸ்ட்ரைக்கர் தனக்குப் பிடிக்காத நெகடிவ்களில் துளையிட்டார் என்று நாம் கோபப்படுகிறோம். சரிதான். ஆனால் துளையிட்ட நெகடிவில் இழப்பு கண்ணுக்காவது தெரிகிறது. எடுக்கப்படாத படத்துக்கு அந்தத் துளைகூட இல்லை.

ஒரு தடயம் மட்டும் மிச்சம் இருக்கிறது. 1935 ஜூனில் லாங்கே கலிபோர்னியாவில் ஒரு மெக்சிகத் தாயை எடுத்தார். படத்தில் முகம் மட்டும்தான். விஷயம் குறிப்பில் இருக்கிறது. மெக்சிகோ போய்விடலாம் என்று சில சமயம் பிள்ளைகளிடம் சொல்வாராம் அந்தத் தாய். வரமாட்டோம், நாங்க இந்த ஊருக்காரங்க என்பார்களாம் பிள்ளைகள். குறிப்பை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் அச்சிட்டால் அது இன்னொரு சோகத் தாய், அவ்வளவுதான். குறிப்போடு சேர்த்தால் அது வெளியேற்றத்துக்கு எதிரான சாட்சி.

கலிபோர்னியா சட்டமியற்றி மன்னிப்புக் கேட்டது 2005இல். அந்தப் பிள்ளைகள் 1935லேயே வழக்கைச் சொல்லிவிட்டார்கள். நம்முடைய சிற்றிதழ்களிலும் அட்டைக்கு இப்படிப்பட்ட முகங்களை எடுத்துப் போடுகிறோம், குறிப்பை விட்டுவிடுகிறோம். இனி குறிப்பையும் சேர்த்து அச்சிடுவோம்.