லஸ்கர் கையில் சாவி

எங்கள் பக்கத்தில் லஸ்கரைத் தெரியாதவர் கிடையாது. வெண்ணாறானாலும் கல்லணைக் கால்வாயானாலும் மதகின் ஷட்டரை நாம் தொடக்கூடாது. லஸ்கரிடம் சொன்னால், அரசாங்கம் கொடுத்த சாவியால் திருகித் திறப்பார். தண்ணீர் நமக்கு, அதிகாரம் அரசாங்கத்துக்கு.

கம்ப்யூட்டரிலும் இப்படி ஒரு ஏற்பாடு உண்டு. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி யோசித்தது. 1979-ல் காப்புரிமையும் கிடைத்தது. ஒரு புரோகிராமின் அனுமதிக் குறியில் 'எஸ்' என்ற எழுத்தைப் போட்டுவிட்டால், யார் ஓட்டினாலும் அது உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும். உரிமையாளர் 'ரூட்' என்றால் சர்வ அதிகாரம்.

உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட்டில் இருந்தபோது நம் அரசு அலுவலகங்களுக்கு லினக்ஸ் வரத் தொடங்கியது. நானும் அப்போது ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சர்வரில் இருக்கும் விண்டோஸ் ஃபோல்டரை லினக்ஸ் மேஜையில் கொண்டுவந்து இணைப்பதற்கு 'மவுண்ட்' என்று பெயர். அதைச் செய்யும் புரோகிராம், ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கிய சாம்பாவோடு அப்போது வந்தது. ரூட் மட்டுமே அதை ஓட்டலாம். குமாஸ்தாக்கள் தினம் பத்து தடவை, "சார், ஃபோல்டர் வரல" என்பார்கள். அலுத்துப்போய் அந்த 'எஸ்'ஸை நானே போட்டுவைத்தேன்.

அந்த லஸ்கர் கொஞ்சம் ஏமாளி என்பது பிறகுதான் தெரிந்தது. 2004-லேயே அவருடைய அண்ணன் 'எஸ்எம்பிஎம்என்டி' மாட்டியிருக்கிறார். வெளியூர் சர்வரில் 'எஸ்' முத்திரை குத்திய புரோகிராமை வைத்து, அந்த ஃபோல்டரை இணைக்கச் சொன்னால் போதும். எவனோ வீட்டில் குத்திய முத்திரையை நம்மூர் அரசு முத்திரையாக எடுத்துக்கொண்டார்.

2009-ல் வேறு விதம். அடுத்தவரின் பாஸ்வேர்டு இருக்கும் ஃபைலைக் காட்டி, "இதுதான் என் சீட்டு, விவரமாகச் சொல்லிக்கொண்டே வேலை செய்" என்றால், சத்தம் போட்டு வாசித்துவிடுவார்.

2010-ல் வெளியானதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. இணைக்கவேண்டிய இடம் கேட்டவருடையதுதானா என்று பார்க்கத்தான் செய்வார். பார்த்த பின், இணைப்பதற்கு முந்தைய கண நேரத்தில் அந்த இடத்தை வேறு ஃபோல்டருக்குக் கைகாட்டும் பலகையாக மாற்றிவிடலாம். சாவி எடுக்க லஸ்கர் திரும்பும் நேரத்தில் மதகின் எண்ணை மாற்றி எழுதுவது போல. சிஸ்டத்தின் முக்கியமான ஃபோல்டர் மேலேயே தன் ஃபோல்டரைப் போர்த்திவிட்டால், மிச்சத்தைச் சொல்லவேண்டுமா?

சரிவரச் சோதிக்காத இந்தப் புரோகிராமுக்கு 'எஸ்' போடாதீர்கள் என்று சாம்பாக்காரர்களே சொல்லியிருந்தார்கள். நான்தான் படிக்கவில்லை. மறுநாள் காலை முதல் வேலையாக எடுத்துவிட்டு, மெஷின் கிளம்பும்போதே ஃபோல்டர் தானாக இணையும்படி எழுதிவைத்தேன். நெட்வொர்க் சுணங்கிய நாளில் பழையபடி, "சார், வரல!" திட்டு எனக்குத்தான்.

2022-ல் மறுபடியும். சர்வரின் ஐ.பி. முகவரியை வாங்கும் இடத்தில் நீளத்தை அளக்கவில்லை. மரக்காலில் ஒரு கலம் நெல்லைக் கொட்டினால் பக்கத்தில் சிந்தாதா? நினைவகத்தில் அப்படிச் சிந்தும் இடத்தில்தான் அடுத்து எங்கே போவது என்ற குறிப்பு இருக்கிறது. அதை நம் இஷ்டத்துக்கு மாற்றினால் ரூட் அதிகாரம் கையில்.

செய்தியைப் படித்துவிட்டு வீட்டு லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். நான் போடவில்லை, சிஸ்டத்தோடேயே வந்திருந்தது அந்த 'எஸ்'. எடுத்துவிட்டுத்தான் காபி குடித்தேன்.