விண்மீன் திரள்களின் வேதியியல்: நிறமாலை வழி அளவீடு

விண்மீன் திரளொன்றில் எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்பதை அதன் ஒளியைப் பிரித்தே கணிக்கிறார்கள். விண்மீனின் வெளியடுக்கில் உள்ள அணுக்கள் தத்தமக்குரிய அலைநீளங்களை உறிஞ்சிக்கொள்வதால் நிறமாலையில் கருங்கோடுகள் விழும். பச்சைப் பகுதியில் 5,170 ஆங்ஸ்ட்ராம் அருகே மக்னீசியம். 5,270-இலும் 5,335-இலும் இரும்பு.

கோடு அழுத்தமாக இருப்பதாலேயே தனிமம் மிகுதி என்று முடிவுகட்ட முடியாது. வெப்பநிலை ஏறினால் அணு எலக்ட்ரானை இழக்கும், கோடும் மாறும். இந்தக் கணக்கை 1920-இல் சமன்பாடாக்கியவர் மேகநாத் சாகா. அதை வைத்தே செசிலியா பேய்ன் 1925-இல் விண்மீன்களில் ஹைட்ரஜனே மிகுதி என்று கண்டார். மூத்த அறிஞர் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் நம்பவில்லை. பேய்ன் தம் ஆய்வேட்டிலேயே அந்த முடிவை ஐயத்துக்குரியது என எழுத நேர்ந்தது. 1929-இல் ரஸ்ஸலே அதை ஒப்புக்கொண்டார்.

தனி விண்மீனுக்கே இந்தப் பாடு. தொலைதூரத் திரளிலோ கோடானுகோடி விண்மீன்களின் ஒளி கலந்து வருகிறது. பெருந்திரள்களில் அவை நொடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் வெவ்வேறு திசைகளில் ஓடுவதால் கோடுகள் அகன்று ஒன்றோடொன்று கலந்துவிடும். வயதும் குழப்பும்: முதிய திரளும், உலோகம் (வானியல் வழக்கில் ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள்) மிகுந்த இளைய திரளும் ஏறக்குறைய ஒரே சிவப்பாகத் தெரியும். ஹைட்ரஜன் கோடுகள் வயதை நன்றாகக் காட்டிக்கொடுப்பதால் அவற்றை இரும்புக் கோடுகளோடு ஒப்பிட்டு இரண்டையும் பிரிக்கிறார்கள்.

பலவகை விண்மீன்களின் நிறமாலைகளைக் கணினியில் கலந்து, திரளின் ஒளியோடு பொருந்தும் கலவையைத் தேடுவது இன்றைய வழக்கம். அதற்கு முதலில் தனி விண்மீன்களின் தொகுப்பு வேண்டும். 2004-இல் வெளியான இந்திய-அமெரிக்கத் தொகுப்பில் 1,273 விண்மீன்கள் உள்ளன. பதிவு செய்தது அரிசோனாவின் கிட் பீக் வானாய்வகத்தில், உருவாக்கியவர்களில் புனேயின் ரஞ்சன் குப்தாவும் டெல்லியின் எச்.பி. சிங்கும் உண்டு. சேலம் சமவெளிக்கு வடகிழக்கே, ஜவ்வாது மலையின் காவலூரில் 1986-இல் வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியும் தனி விண்மீன்களின் தனிமங்களை அளந்துவருகிறது.

பொதுவாகச் சிறிய திரள்களில் கனத் தனிமங்கள் குறைவு. சூரியனோடு ஒப்பிட்டால், அருகிலுள்ள சிறு திரள்களான மெகல்லன் மேகங்கள் இரண்டில் பெரியதில் ஏறக்குறைய பாதி, சிறியதில் ஐந்தில் ஒரு பங்கு.

மக்னீசியத்துக்கும் இரும்புக்கும் உள்ள விகிதம் காலத்தையும் சொல்லும். பெருநிறை விண்மீன்கள் சில கோடி ஆண்டுகளுக்குள் வெடித்து மக்னீசியத்தைச் சிதறுகின்றன. இரும்பைப் பெருக்கும் வெண்குறுமீன் வெடிப்புகள் பெரும்பாலும் பிந்தியே வரும். பெரிய நீள்வட்டத் திரள்களில் இந்த விகிதம் சூரியனில் இருப்பதைவிடக் கூடுதல்: இரும்பு சேர்வதற்கு முன்பே அவற்றின் விண்மீன்களில் பெரும்பாலானவை பிறந்துவிட்டன.