மத்தாப்பும் வங்காள விளக்கும்

மத்தாப்பு என்னும் சொல் தமிழ்ச் சொல்லே என்று எண்ணும்படி நம் நாவோடு பழகிவிட்டது. ஆயினும் அது பாரசீகத்து ‘மாஹ்தாப்’ என்பதன் திரிபு, நிலவொளி என்பதே அதன் பொருள். வெடித்துச் சிதறாமல், செவியை அதிரச் செய்யாமல், இரவைச் சிறிது நேரம் வெண்மையாக்கிவிட்டு அணையும் ஒரு வாணத்துக்கு இதனினும் பொருத்தமான நாமத்தை எவரும் சூட்டியிருக்க இயலாது.

வெடியுப்பும் கந்தகமும் அஞ்சனக்கல்லும் கூட்டிச் செய்த இத்தகைய ஒளியை, கடலில் கப்பலுக்குக் கப்பல் சைகை காட்டவும், நாடக மேடையில் மாயக் காட்சிகளை ஜொலிக்கச் செய்யவும் பயன்படுத்திய ஐரோப்பியர், ‘வங்காள விளக்கு’ என்று அதனை அழைத்தனர். வாண வித்தையின் தாயகம் சீனம் என்பதை உலகம் அறியும். அப்படியிருக்க வங்காளத்தின் பெயர் வந்தது, பெரும்பாலும் வெடியுப்பால்தான். பீகாரின் கிராமங்களில் நோனியா வகுப்பார், பழஞ்சுவர்களின் அடியிலும் மாட்டுக்கொட்டில்களின் ஓரத்திலும் வெண்மையாய்ப் பூத்த உவர்மண்ணைச் சுரண்டியெடுத்து, நீரில் கரைத்து வடித்து, அந்நீரைக் கொதிக்கவைத்துப் படிகமாக்கிய உப்பு, பாட்னாவிலிருந்து கங்கை வழியே இறங்கிக் கப்பலேறியது. பிளாசிப் போருக்கு மறு ஆண்டே, 1758இல், ஆங்கிலக் கம்பெனி அவ்வர்த்தகத்தைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. சரக்கு வந்த நாட்டின் பெயர் நிலைத்தது. மண்ணைச் சுரண்டிய கைகளின் பெயர் எங்கும் ஏறவில்லை என்பது என் மனத்தை உறுத்துகிறது.

தூரதேசத்தின்மேல் மேனாட்டார் கொண்ட மோகம், காரணம் மறைந்த பின்பும் பெயரை விடுவதில்லை. சீனத்து ரோஜாவையே பிரெஞ்சுக்காரர் வங்காள ரோஜா என்றனர். ருஷ்யாவில் புத்தாண்டு இரவன்று குழந்தைகள் கையிற் பிடிக்கும் நம் கம்பி மத்தாப்புக்கு இன்றும் ‘வங்காள நெருப்பு’ என்றே பெயர்.

அந்த வங்காளத்துக்கே 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் புறப்பட்டார்கள். மழை பொய்த்த கரிசற்பூமியில் ஊருக்கொரு ஜீவனோபாயம் தேடிச் சென்ற அவ்விருவரும், கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். தீக்குச்சியைத் தொடர்ந்து வண்ண ஒளிவீசும் குச்சிகள் வந்தன; அவற்றுக்கு வர்த்தக உலகம் வழங்கிய பெயர் ‘பெங்கால் மேட்ச்’. மேனாட்டார் சூட்டிய பெயர் இவ்வாறு சிவகாசிப் பெட்டிகளின்மேலும் ஏறிற்று.

ஆனால் வீடுகளில் அப்பெயர் வேரூன்றவில்லை. சட்டத்தில் வரிசையாய்ச் செருகிய கம்பிகளைச் சாம்பல்நிறக் கூழில் தோய்த்து வெயிலில் உலர்த்துவதைக் கண்டவர் அதனைக் கம்பி மத்தாப்பு என்கிறார்; காகிதக் குழலில் மருந்து கிட்டித்தது பென்சில்; வீசினால் நெளிவது சாட்டை; நிலத்தில் சுழல்வது சக்கரம். அக்கூழில் சேர்ந்த பேரியம் உப்புகளை 2018இல் உச்ச நீதிமன்றம் தடைசெய்த பின், கலவை மாற வேண்டியதாயிற்று; பெயரோ கம்பி மத்தாப்பாகவே வழங்குகிறது.