தி பாம் உணவகம்

தி பாம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 1926 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஓர் இத்தாலிய ஸ்டேக் உணவகம் ஆகும். மன்ஹாட்டனின் இரண்டாம் அவென்யூவில் இருந்த மூல உணவகம் 2015 இல் மூடப்பட்டது.

பெயர்

இதனை நிறுவிய பியோ போசி, ஜான் கான்சி ஆகிய இருவரும் இத்தாலியிலிருந்து குடியேறியவர்கள். பார்மா எனப் பெயரிட விரும்பினர். அவர்களின் உச்சரிப்பைத் தவறாகப் புரிந்துகொண்ட அலுவலர் பாம் எனப் பதிவு செய்ததாகக் கூறப்படுகிறது.

உணவு

தொடக்கத்தில் இத்தாலிய உணவுகளே பரிமாறப்பட்டன. எவரேனும் ஸ்டேக் கேட்டால், அருகிலிருந்த இறைச்சிக் கடையில் வாங்கிவந்து சமைத்தனர் என்பர். பின்னாளில் ஸ்டேக்கும் பெரிய சிங்கி இறாலும் இதன் அடையாளமாயின. 1972 இல் வாஷிங்டனில் கிளை திறக்கப்பட்டது.

சுவர்ச் சித்திரங்கள்

கிங் ஃபீச்சர்ஸ் நிறுவனத்தின் அலுவலகம் அருகில் இருந்ததால் கேலிச்சித்திர ஓவியர்கள் பலர் இங்கு உணவருந்தினர். உணவுக்கு ஈடாகச் சுவர்களில் சித்திரங்கள் வரைந்தனர். இவை சுவர்ப் பூச்சின் மீதே நேரடியாக வரையப்பட்டவை. எனவே உணவகம் மூடப்பட்டபோது இவற்றைப் பெயர்த்தெடுத்துப் பாதுகாக்க இயலவில்லை.

உரிமை

நிறுவனர்களின் வழித்தோன்றல்களிடையே உரிமத் தொகை குறித்து வழக்கு எழுந்தது. 2018 இல் தீர்ப்பு நிர்வாகத்தினருக்கு எதிராக அமைந்தது. 2019 இல் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது. 2020 இல் இதனை லாண்ட்ரிஸ் நிறுவனம் வாங்கியது.