பியூட்டி (நாவல்)

பியூட்டி: அமெரிக்க எழுத்தாளர் ராபின் மெக்கின்லியின் (பிறப்பு 1952) முதல் நாவல். ஹார்ப்பர் அண்ட் ரோ பதிப்பகம் 1978இல் வெளியிட்டது. அழகிக்கும் அரக்க விலங்குக்கும் இடையே அரும்பும் காதலைச் சொல்லும் பிரெஞ்சு தேவதைக்கதையின் மறுகூறல். இளையோர் இலக்கியத்தில் பின்னாளில் பெருகிய இத்தகைய மறுகூறல்களின் முன்னோடிகளுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

மூலக்கதையின் வயது குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. 2ஆம் நூற்றாண்டில் அபுலேயஸ் எழுதிய கியூபிட்–சைக்கி கதையே இதன் ஊற்று என்பர் சிலர். வாய்மொழி மரபில் இது பல ஆயிரம் ஆண்டுகள் பழையது என 2016இல் ஓர் ஆய்வு வாதிட்டது; அதை எல்லோரும் ஏற்கவில்லை. வில்நவ் அம்மையார் 1740இல் நீண்ட கதையாக அச்சேற்றியதை, இங்கிலாந்தில் ஆசிரியையாக இருந்த போமோன் அம்மையார் 1756இல் சிறுமியருக்காகச் சுருக்கினார். பரவலாக அறியப்பட்டது இச்சுருக்கமே. 1946இல் ழான் காக்தோ இதைத் திரைப்படமாக்கினார்.

ஜார்ஜ் சி. ஸ்காட் நடித்து 1976இல் வந்த தொலைக்காட்சிப் படம் தந்த ஏமாற்றமே மெக்கின்லியை எழுதத் தூண்டியது. கதைப்போக்கை அவர் பெரிதும் மாற்றவில்லை, மனிதர்களை மாற்றினார். நாயகியின் இயற்பெயர் ஹானர். சிறுவயதில் தானே கேட்டுப் பெற்ற ‘பியூட்டி’ என்ற செல்லப்பெயர், வளர்ந்தபின் அவளுக்கே கூச்சம் தருகிறது. ஒல்லி உடம்பு, பெரிய கைகால்கள், கிரேக்கமும் லத்தீனும் படிக்கும் ஆசை, கிரேட்ஹார்ட் என்ற பெரிய குதிரை: இவையே அவள். போமோன் கதையில் பொறாமையால் சிலையாகிப்போகும் அக்காமார் இங்கே கிரேஸ், ஹோப் என்ற அன்பான பெண்கள். வணிகரான தந்தை கப்பல்களை இழந்து நொடித்துப்போக, குடும்பம் ஹோப்பை மணக்கும் கொல்லரோடு தொலைதூரக் கிராமத்துக்குக் குடிபெயர்கிறது. அங்கே ரோஜா இல்லை. ஆகவே பயணம் புறப்படும் தந்தையிடம் பியூட்டி கேட்பது பூவை அல்ல, நட்டு வளர்க்க ரோஜா விதைகளை. மண்ணில் உழைத்துப் பழகிய பெண் வேறெதைக் கேட்பாள்!

பின்னர் பியூட்டி சென்று தங்கும் அரக்க விலங்கின் கோட்டையில் கண்ணுக்குத் தெரியாத பணிப்பெண்கள் இருவர் காற்றாய்ச் சுற்றிவந்து அவளுக்கு அலங்காரம் செய்யப் படாதபாடு படுகின்றனர். அங்குள்ள நூலகமோ இன்னும் எழுதப்படாத புத்தகங்களையும் கொண்டது. தன் காலத்தில் பிறந்தே இராத ராபர்ட் பிரௌனிங்கின் கவிதைகளை அவள் அங்கே படிக்கிறாள். கதையின் மந்திரப் பொருள்களில் இதற்கு ஈடானது இல்லை.

இதே தேவதைக்கதையைக் கொண்டு 1991இல் வெளிவந்த டிஸ்னி படத்தின் நாயகியும் புத்தகப் பிரியை. அவளுக்கும் பெரிய நூலகம் கிடைக்கிறது. நாவலின் சாயலை இதில் வாசகர் பலர் காண்கின்றனர். திரைக்கதை எழுதிய லிண்டா உல்வர்டனோ, ‘லிட்டில் விமன்’ படத்தில் காதரின் ஹெப்பர்ன் நடித்த ஜோ பாத்திரத்தையே தம் தூண்டுதலாகக் குறிப்பிட்டுள்ளார். நாவலின் தாக்கம் இருந்ததாகவோ இல்லையென்றோ இதைக்கொண்டு முடிவுகட்ட இயலாது.

‘தி ஹீரோ அண்ட் தி கிரவுன்’ நாவலுக்காக 1985இல் நியூபெரி பதக்கம் பெற்ற மெக்கின்லி, 1997இல் ‘ரோஸ் டாட்டர்’ என்ற பெயரில் இதே கதையை மீண்டும் எழுதினார். அதில் விலங்கு இறுதிவரை விலங்காகவே இருக்கிறது. அறிவியல் புனைவு, மிகுபுனைவு எழுத்தாளர்களின் அமெரிக்கச் சங்கம் 2023இல் அவருக்கு கிராண்ட் மாஸ்டர் விருது வழங்கியது.