ஆஸ்திரேலியா துப்பாக்கிகளை விலைக்கு வாங்கியது

1996 ஏப்ரல் 28 அன்று டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் ஒரே ஆள் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். பதவியேற்று இரு மாதங்கூட ஆகாத பிரதமர் ஜான் ஹோவர்ட், பன்னிரண்டே நாட்களில் மாநிலங்களை ஒரு தேசிய உடன்பாட்டுக்கு இணங்க வைத்தார். துப்பாக்கிச் சட்டம் மாநிலங்களின் கையில் இருந்த நாட்டில் இது எளிய காரியமல்ல. அவர் சார்ந்த கூட்டணியின் கிராமப்புற ஆதரவாளர்களே கொதித்தனர். விக்டோரியாவின் சேல் நகரக் கூட்டத்தில் அவர் குண்டு துளைக்காத உடுப்பு அணிந்து பேச நேர்ந்தது.

அரைத் தானியங்கி நீள்குழல் துப்பாக்கிகள் பொதுமக்களுக்குப் பெரும்பாலும் தடைசெய்யப்பட்டன. உரிமம் பெறத் தக்க காரணம் காட்ட வேண்டும்; தற்காப்பு அப்படியொரு காரணமாக ஏற்கப்படவில்லை. சொத்தை எடுத்தால் மத்திய அரசு நியாயமான ஈடு தரவேண்டும் என்பது அரசியலமைப்பின் விதி. தடைசெய்த துப்பாக்கிகளுக்கு அந்த ஈட்டைக் கொடுக்கப் பொது மருத்துவக் காப்பீட்டு வரி ஓராண்டுக்கு 0.2 சதவீதப் புள்ளி உயர்த்தப்பட்டது. சுமார் 6.5 லட்சம் துப்பாக்கிகள் வாங்கி அழிக்கப்பட்டன.

பலன் என்ன என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்தவர்கள் அல்லர். துப்பாக்கிச் சாவுகள் 1996-க்கு முன்பே குறைந்துவந்தன என்பது ஐயுறுவோர் வாதம், அது உண்மையும்கூட. ஆயினும் அதன்பின் சரிவு வேகமெடுத்தது, துப்பாக்கித் தற்கொலைகளில் குறிப்பாக. கூட்டக் கொலைகள் அரிதாயினவே தவிர மறையவில்லை: 2018-இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆஸ்மிங்டனில் ஒரே குடும்பத்தின் ஏழு பேர் மாண்டனர். திரும்ப வாங்கியதைவிட, உரிமமும் பதிவும் இறுகியதே நிலைத்த மாற்றம் எனலாம். ஏனெனில் இறக்குமதியால் துப்பாக்கிகளின் மொத்த எண்ணிக்கை பின்னாளில் பழைய அளவை மீண்டும் எட்டிவிட்டது.