தரவு படிக்கும் தொழிலாளி: பிரான்சும் திருவள்ளூரும்

திருவள்ளூர் மாவட்டத்துக்கும் பிரான்சுக்கும் தொழில்வழி உறவு உண்டு. கும்மிடிப்பூண்டிப் பக்கம் தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் பிரெஞ்சு நிறுவனமான மிஷெலின் டயர் தயாரிக்கிறது. திருவள்ளூரில் உள்ள ஆலையில் 2022 முதல் இன்னொரு பிரெஞ்சுப் பெயரான சிட்ரோயனின் சி3 கார்கள் உருவாகின்றன. மிஷெலினின் தலைமையகம் உள்ள கிளெர்மோன் ஃபெரான் நகரில் நாற்பது வயதுத் தொழிலாளி ஒருவர், செயற்கை நுண்ணறிவுக்குத் தரவு எப்படித் தீனியாகிறது என்று படிக்க விரும்பினால் அவருக்குப் பிரெஞ்சிலேயே வழி இருக்கிறது. கும்மிடிப்பூண்டித் தொழிலாளிக்கு என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை என்று பலரும் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

முதலில் பிரான்ஸ். வேலையில் இருப்பவர் தொடர்ந்து படிப்பதை 1971 ஜூலையில் வந்த சட்டம் உரிமையாக்கியது. இன்று முழுநேரத் தொழிலாளியின் பயிற்சிக் கணக்கில் ஆண்டுக்கு 500 யூரோ சேர்கிறது, உச்சவரம்பு 5,000. கணிதமேதை செட்ரிக் வில்லானி 2018-இல் அரசுக்கு அளித்த அறிக்கைக்குப் பிறகு செயற்கை நுண்ணறிவுக் கல்வி வேகம் பிடித்தது. கணினி ஆய்வு நிறுவனமான இன்ரியா, 2020-இல் யாரும் சேரக்கூடிய இலவச இணையப் படிப்பு ஒன்றைத் தொடங்கியது. 2025 பிப்ரவரி 2 முதல், செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்கு அதுபற்றிப் போதிய அறிவு கிடைக்கச் செய்ய வேண்டும் என்று ஐரோப்பியச் சட்டமே சொல்கிறது.

இந்தக் கல்விக்குப் பின்னால் பழைய கோபம் ஒன்று இருக்கிறது. குடிமக்களைப் பற்றிய அரசுக் கோப்புகளையெல்லாம் ஒரே எண்ணால் இணைக்கும் சஃபாரி என்ற திட்டத்தை 1974-இல் லெ மோந்த் நாளிதழ் வெளியே கொண்டுவந்தது. எழுந்த எதிர்ப்பின் விளைவாக 1978-இல் தகவல் பாதுகாப்புச் சட்டமும், அதைக் காக்கும் ஆணையமும் பிறந்தன. பிரெஞ்சுக்காரர் தரவு என்றதும் கேட்கும் முதல் கேள்வி, ‘என்னைப் பற்றி யாரிடம் என்ன இருக்கிறது?’ என்பதே. அவர் தரவைக் குடிமகனாகக் கற்கிறார்.

நம் தொழிலாளி தரவைச் சந்தித்த வழி வேறு. ஜப்பானில் 1962-இல் தோன்றிய தர வட்டம் 1980-களில் இந்திய ஆலைகளுக்கு வந்தது. ஷிப்ட் முடிந்தபின் ஆறேழு பேர் கூடி, எந்த மெஷினில் எத்தனை ரிஜெக்ட், எந்த நேரத்தில், எதனால் என்று எண்ணிக் கோடிட்டுப் படம் வரைந்தார்கள். அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த பாடியின் சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு 1998-இல் தர மேலாண்மைக்கான டெமிங் பரிசு பெற்றது. இந்தியாவுக்கு அதுவே முதல் டெமிங். அதன் பின்னால் பட்டம் பெறாத ஆபரேட்டர்களின் கைக்கணக்கும் இருந்தது. செக் ஷீட், பரேட்டோ படம், மீன்முள் படம் ஆகியவற்றை விளக்கத் தெரிந்த ஒருவரைத் தரவு தெரியாதவர் என்று எப்படிச் சொல்வது?

கும்மிடிப்பூண்டியின் எஃகு உருக்காலைகளையே எடுத்துக்கொள்வோம். பழைய இரும்பைத் தூண்டல் உலையில் உருக்கி ஊற்றும் ஒவ்வொரு தடவையும் ஒரு ‘ஹீட்’. ஹீட் எண், போட்ட ஸ்கிராப், ஊற்றும்போது இருந்த வெப்பநிலை, மாதிரியில் கரி எவ்வளவு, மாங்கனீஸ் எவ்வளவு என்பதெல்லாம் லாக் புக்கில் ஏறும். நாளை ஒரு கணினி, ‘இந்த ஹீட் தேறாது’ என்று முன்கூட்டியே சொல்ல வேண்டுமானால் இந்த லாக் புக்கைத்தான் படிக்க வேண்டும். உண்மையில் அளந்த எண் எது, வேலை நெருக்கடியில் ஷிப்ட் கடைசியில் ஒரே மூச்சாக நிரப்பிய எண் எது என்பது உலைப் பக்கம் நிற்பவருக்கே தெரியும். கணினிக்கு இரண்டும் ஒன்றுதான். பொய்யான எண்ணை ஆயிரம் முறை காட்டினால் அது அதையே மெய்யென்று கற்கும். வேலைக்கு ஆள் எடுக்க அமேசான் உருவாக்கிய மென்பொருள் பெண்களின் விண்ணப்பங்களைத் தாழ்த்தியது 2018-இல் செய்தியானது. அதுவரை வந்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஆண்களுடையவை என்பதே காரணம். அந்தக் கதையில் இருப்பதும் லாக் புக் பாடம்தான். ஆனால் உலைத் தொழிலாளிக்கு அமேசான் கதையைவிடத் தன் லாக் புக் சீக்கிரம் புரியும்.

பிரெஞ்சுப் படிப்பில் இந்தக் கைப்பழக்கத்துக்கு ஈடு இல்லை. திரைமுன் தனியே அமர்ந்து, படங்களை வகைப்படுத்தக் கணினிக்குக் கற்றுக்கொடுத்துப் பார்க்கலாம். அந்தப் படங்கள் கற்பவருடைய பிழைப்போடு ஒட்டியவை அல்ல. நம் பக்கக் குறை அதைவிடப் பெரியது. தர வட்டம் ரிஜெக்டைப் பற்றிக் கேட்கக் கற்றுத் தந்தது. தன்னைப் பற்றிக் கேட்கக் கற்றுத் தரவில்லை. விரல்ரேகை வருகைப் பதிவும் லைனுக்கு மேலே உள்ள கேமராவும் சேர்ப்பது தொழிலாளியின் தரவு. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை தொடர்பான தேவைகளுக்கு ஒப்புதல் கேட்காமலே அதைக் கையாள முதலாளிக்கு இடம் தருகிறது. காண்ட்ராக்ட் ஆளுக்கு இதைச் சொல்லித்தர யாரும் இல்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை. பயிற்சிக் கணக்கும் அவருக்குக் கிடையாது.

பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருபவர் வீடியோ பார்த்துப் படிப்பார் என்று நம்பிப் பாடம் போடுவதும் பயன்படாது. 1991-இல் புதுக்கோட்டையில் எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கம் கல்குவாரிப் பெண்களைத் தேடிப் போனது. எழுத்தோடு குவாரிக் கணக்கையும் அவர்கள் கைக்கொண்டார்கள், சைக்கிளும் ஓட்டினார்கள். நேரில் சென்று, கூட்டமாக உட்கார்ந்து, வேலையை வைத்தே சொல்லித்தரும் முறை நமக்குப் புதிதல்ல.

அந்த முறையில் வகுப்பு நடத்தக் கும்மிடிப்பூண்டியில் தமிழ் மட்டும் போதாது. ஆந்திர எல்லை அருகில் இருப்பதால் தெலுங்கு பேசுவோர் நிறைய. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் ஒடியாவும் இந்தியும் பேசுகிறார்கள். ஓய்வு பெற்ற தர வட்டத் தலைவர்கள் இந்த வட்டாரத்திலேயே இருக்கிறார்கள். வாத்தியார்களாக அவர்களை அழைக்கலாம். முதல் வகுப்புக்குப் பாடநூல் வேண்டாம். போன மாத லாக் புக்கின் நகல் ஒன்றையும் வருகைப் பதிவுத் தாள் ஒன்றையும் நடுவில் வைத்து, எந்த எண்ணை நம்பலாம், எது யாருக்குப் போகிறது என்று வந்தவர்களிடமே கேட்டுத் தொடங்கலாம்.